மெட்டைத் தேடிய ஆங்கிலப் பேராசிரியர்

பல்கலைக்கழகமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில இலக்கியம் கற்பித்த ஒருவர், சோசரைப் பற்றியும் சாமுவேல் ஜோன்சனைப் பற்றியும் அறிஞர்கள் மதிக்கும் நூல்களை எழுதிய ஒருவர், தமது வாழ்நாளின் மிகப் பெரிய உழைப்பை எழுத்துக்கன்றி இசைக்கே வழங்கினார். அந்த இசையும் அரங்குகளிலே அரங்கேறிய இசையன்று. தோட்டக்காரரும் மலைநாட்டு விவசாயிகளும் சமையலறைப் பெண்களும் பாடிய இசை. அவர் பெயர் பேர்ட்ரண்ட் ஹரிஸ் பிரொன்சன். ஆங்கில நாட்டார் இலக்கியத்தில் ஈடுபாடுடையோர் அறிந்த பெயர். தமிழ் வாசகர் பலருக்கு அறிமுகமாகாத பெயர். நமது கூத்துப் பாடல்களையும் நாட்டார் பாடல்களையும் பற்றிக் கவலைப்படும் எவரும் இவரது பணியை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் நன்று.

பிரொன்சன் 1902இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திற் பிறந்தவர். மிச்சிகன், ஹாவார்ட், ஒக்ஸ்போர்ட், யேல் எனப் பெரும் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் பயின்றவர். யேலில் 1927இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அதே ஆண்டிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். ஓய்வுபெறும் வரை அங்கேயே கற்பித்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியமே அவரது சிறப்புத் துறை. 1986இல் தமது எண்பத்து மூன்றாவது வயதிற் காலமானார். வெளியே இருந்து நோக்குவோருக்கு ஆர்ப்பாட்டமற்ற கல்வியாளர் ஒருவரின் வாழ்க்கையாகவே இது தோன்றும். ஆனால் அந்த அமைதிக்குள்ளே விடாப்பிடியான தேடலொன்று இருந்தது.

அத்தேடலை விளங்கிக்கொள்ள அவருக்கு முற்பட்ட இன்னோர் ஆங்கிலப் பேராசிரியரிடம் செல்ல வேண்டும். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் முதலாவது ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட், பொஸ்டன் நகரிற் கப்பற் பாய் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த கதைப்பாடல்கள் அனைத்தையும், அவற்றின் பாடபேதங்கள் அனைத்துடனும் ஒன்றுதிரட்டுவதென அவர் முடிவுசெய்தார். கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் தேடிப் படியெடுப்பித்தார். 1882 முதல் 1898 வரை பத்துப் பகுதிகளாக அத்தொகுப்பு வெளிவந்தது. இறுதிப் பகுதியை அச்சிற் காணாமலே 1896இல் சைல்ட் மறைந்தார். மாணவரான கிற்றிரெட்ஜ் அதனை நிறைவுசெய்தார்.

சைல்ட் தொகுத்த கதைப்பாடல்கள் 305. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். சங்கப் பாடல்களை நாம் 'புறநானூறு 192' என எண்ணாற் குறிப்பது போல, உலகெங்குமுள்ள ஆய்வாளர்களும் பாடகர்களும் இன்றும் அப்பாடல்களைச் 'சைல்ட் 13', 'சைல்ட் 84' என்றே குறிக்கின்றனர். அத்துணை உறுதியான அடித்தளம் அது.

ஆனால் அம்மாபெருந் தொகுப்பில் ஒரு வெற்றிடம் இருந்தது. அது பாடல்களின் தொகுப்பு. எனினும் அதிற் பாட்டு இல்லை. சொற்கள் இருந்தன. வரிக்கு வரி ஒப்பீடு இருந்தது. பல நாட்டுக் கதைகளோடு தொடர்புபடுத்தும் நீண்ட முன்னுரைகள் இருந்தன. மெட்டுகளோ இறுதியில் ஒரு பின்னிணைப்பில் ஐம்பதளவே இடம்பெற்றன. பல நூற்றாண்டுகளாக மக்கள் தொண்டையில் வாழ்ந்த ஒன்று, புத்தகத்துக்குள் நுழைந்தபோது ஊமையாகிவிட்டது.

இதற்குச் சைல்டை மட்டும் குறைசொல்வதற்கில்லை. அவர் காலத்துக்கு நூறாண்டு முன்பே அந்த வழக்கம் தொடங்கிவிட்டது. தோமஸ் பேர்சி என்னும் பாதிரியார் ஷ்ரொப்ஷயரில் நண்பரொருவர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பணிப்பெண்கள் பழைய கையெழுத்துப் பிரதியொன்றின் தாள்களைக் கிழித்து அடுப்பு மூட்டுவதைக் கண்டார். கேட்டு வாங்கினார். அது பதினேழாம் நூற்றாண்டிற் படியெடுக்கப்பட்ட கதைப்பாடற் தொகுதி. அதனை ஆதாரமாகக் கொண்டு 1765இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவின் இலக்கியப் போக்கையே மாற்றியது எனலாம். ஏட்டுச் சுவடிகள் அடுப்புக்கும் ஆற்றுக்கும் இரையான கதைகளை உ. வே. சாமிநாதையரின் எழுத்திற் படித்த நமக்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் ஐயரவர்கள் பாடத்திற் கைவைக்க அஞ்சினார். பேர்சியோ தாராளமாகக் கைவைத்தார். குறைந்த வரிகளைத் தாமே எழுதிச் சேர்த்தார். கரடுமுரடான இடங்களை மெருகிட்டார். மெட்டுகளைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. பேர்சியின் வாசகர்கள் மாளிகைகளில் நாற்காலியில் அமர்ந்து கவிதை படிப்பவர்கள். அவர்களுக்கு மெட்டுத் தேவைப்படவில்லை.

பேர்சியைக் கடுமையாக எதிர்த்தவர் ஜோசப் ரிற்சன் என்னும் சட்டத்தொழிலாளர். மாமிசம் உண்ணாதவர். முன்கோபி. எழுத்தில் எவரையும் விட்டுவைக்காதவர். மக்கள் பாடியதை மக்கள் பாடியவாறே அச்சிட வேண்டும் என்பது அவரது கொள்கை. அதைவிட முக்கியமானது, பாட்டென்றால் மெட்டும் அச்சேற வேண்டும் என அவர் வற்புறுத்தியமை. 1783இல் அவர் வெளியிட்ட ஆங்கிலப் பாடற் தொகுப்பின் ஒரு பகுதி முழுவதையும் இசைக்கென ஒதுக்கினார். 1803இற் சித்தம் கலங்கிய நிலையில் தமது கையெழுத்துத் தாள்களைத் தாமே எரித்து, சில நாட்களில் இறந்தார். நெடுங்காலம் பரிகாசத்துக்கு உரியவராகவே கருதப்பட்ட இம்மனிதரைப் பற்றி 1938இல் இரு தொகுதிகள் கொண்ட வாழ்க்கை வரலாறொன்று வெளிவந்தது. எழுதியவர் பிரொன்சன். அவர் யாருடைய வழியிற் செல்லப் போகிறார் என்பதை அந்நூலே முன்னறிவித்துவிட்டது.

இவ்வரலாற்றில் இரண்டு பெண்களுக்குத் தனியிடம் உண்டு.

ஒருவர் ஜேம்ஸ் ஹொக் என்னும் ஸ்கொட்லாந்துக் கவிஞரின் தாயார் மார்கரட் லெய்ட்லோ. இடையர் குடும்பத்துப் பெண். எண்ணற்ற கதைப்பாடல்களை நெஞ்சில் வைத்திருந்தவர். வோல்டர் ஸ்கொட் எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் திரட்டி அச்சிட்டபோது, அந்த முதியவள் அவரை நேரிலேயே கண்டித்தாளென மகன் எழுதிவைத்திருக்கிறார். அவை பாடுவதற்கென அமைந்தவை, படிப்பதற்கன்று. நீர் அவற்றை அச்சிலேற்றிக் கெடுத்துவிட்டீர். இனி அவற்றை யாரும் பாட மாட்டார்கள். இதுவே அவளது முறைப்பாட்டின் சாரம். எழுத்தறிவு அதிகமில்லாத ஒரு கிழவி புகழ்பெற்ற எழுத்தாளர் முன் நின்று சொன்ன அந்த நியாயத்துக்குப் பதில் சொல்ல ஆங்கில உலகுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

மற்றவர் அன்னா கோர்டன். திருமணத்தின் பின் போல்க்லண்ட் ஊரின் திருமதி பிரவுண் என அறியப்பட்டவர். அபர்டீன் பேராசிரியர் ஒருவரின் மகள். கல்வி நிறைந்த வீட்டிற் பிறந்தும், தாயும் செவிலியும் உறவுப்பெண் ஒருவரும் பாடக் கேட்ட கதைப்பாடல்களை நினைவில் ஏந்தி வந்தவர். 1783இல் அவர் பாட, மருமகன் சொற்களையும் மெட்டுகளையும் எழுதினார். பதினேழு ஆண்டுகளின் பின் அவரிடமிருந்து மீண்டும் சில பாடல்கள் எழுதப்பட்டன. இரண்டையும் ஒப்பிட்டவர்கள் திகைத்தனர். கதை ஒன்றே. சொற்கள் பல இடங்களில் வேறு. அப்படியானால் அப்பெண்மணியின் நினைவு பிசகிவிட்டதா? தாமே புனைந்தாரா?

1945இற் பிரொன்சன் இப்புதிருக்கு எழுதிய விடை நாட்டார் இலக்கிய ஆய்வில் ஒரு திருப்பம். பாடுபவர் மனத்திலிருப்பது அச்சுப்புத்தகம் போன்ற மாறாத பாடம் அன்று என்றார் அவர். அங்கேயிருப்பது கதையும் அதன் போக்கும் அதைத் தாங்கும் மெட்டும். ஒவ்வொரு முறை பாடும்போதும் சொற்கள் அவ்வோட்டத்திற் புதிதாகப் பிறக்கின்றன. எனவே மூலபாடம் எது என்று தேடுவதே பிழையான தேடல். கூத்துக் களரியிலே ஒரே கதையை ஆண்டுதோறும் ஆடும் அண்ணாவியாரை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மத்தளம் ஒலிக்கத் தொடங்கினால் தரு தானாக வரும். மத்தளமின்றிச் சொல்லச் சொன்னால் அவரே தடுமாறுவார்.

மெட்டும் சொல்லும் பிரிக்க முடியாதவை என்பதைப் பிரொன்சன் 1944இல் எழுதிய கட்டுரையொன்றிலேயே நிறுவ முயன்றிருந்தார். கதைப்பாடலின் அடிகள் ஏன் இவ்வளவு நீளம், ஏன் நான்கு அடிக்கு ஒரு நிறுத்தம், கதைக்குத் தொடர்பில்லாத பல்லவி வரிகள் ஏன் இடையிடையே நுழைகின்றன என்ற கேள்விகளுக்குத் தாளில் விடையில்லை. மெட்டில் விடையிருக்கிறது. மெட்டில்லாத கதைப்பாடலைக் கதைப்பாடலென்றே சொல்லலாகாது என்பது அவரது உறுதியான நிலைப்பாடு.

ஓர் உதாரணம் பார்ப்போம். சைல்டின் பதின்மூன்றாம் இலக்கப் பாடலான 'எட்வர்ட்' பேர்சியின் நூல் மூலம் உலகப் புகழ் பெற்றது. வாளிலே குருதி படிந்திருப்பது ஏனெனத் தாய் கேட்கிறாள். பருந்தைக் கொன்றேன் என்கிறான் மகன். குதிரையைக் கொன்றேன் என்கிறான். ஈற்றில் தந்தையைக் கொன்றதை ஒப்புக்கொள்கிறான். முடிவில், அதைச் செய்யத் தூண்டியவள் நீயே எனத் தாயைச் சபிக்கிறான். ஜேர்மன் மொழிபெயர்ப்பிற் படித்த பிராம்ஸ் 1854இல் இதனை உள்ளத்திற் கொண்டு பியானோவுக்கு இசையமைத்தார். நாட்டார் கவித்துவத்தின் சிகரமெனப் பாடநூல்கள் இதனைப் போற்றின.

பிரொன்சன் 1940இல் இதனைச் சந்தேகித்தார். இக்கதையை மக்கள் பாடும் வடிவங்களிற் கொலையுண்டவன் சகோதரன், தந்தையன்று. தாயைச் சபிக்கும் அந்த அதிரவைக்கும் முடிவும் மக்கள் வழக்கிலே காணப்படுவதில்லை. பேர்சி அச்சிட்ட வடிவத்துக்கு மெட்டும் கிடைக்கவில்லை. ஆகவே படித்த கையொன்று இதனைத் திருத்தி அழகுபடுத்தியிருக்க வேண்டும் என அவர் வாதிட்டார். இது நடந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1953இல், அபர்டீன் நகரில் நாடோடிக் குடியிற் பிறந்த ஜீனி ரொபேர்ட்சன் என்னும் பெண்மணியை ஆய்வாளர் ஹமிஷ் ஹென்டர்சன் சந்தித்தார். தமது குடும்ப வழியில் வந்த பாடலென ஜீனி பாடியவற்றுள் இக்கதையும் ஒன்று. மகன் பெயர் டேவிட். கொலையுண்டவன் அவன் சகோதரன். நெஞ்சை உலுக்கும் மெட்டோடு அது உயிருடன் இருந்தது.

இந்த இடத்தில் நமது மரபிலுள்ள கதையொன்று நினைவுக்கு வருகிறது. உமாபதி சிவாச்சாரியார் பாடிய திருமுறைகண்ட புராணம் கூறும் கதை அது. தில்லையிலே பூட்டிய அறையிற் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் மீட்டார்கள். சொற்கள் கிடைத்தன. பண்கள் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த பெண்ணொருத்தி திருஎருக்கத்தம்புலியூரில் இருப்பதறிந்து, அவளைக் கொண்டே தேவாரத்துக்குப் பண் வகுத்தார்களென்பது புராணம். இதனை வரலாறாகக் கொள்வதா, புராணமாகக் கொள்வதா என்பது வேறு விடயம். ஆனால் அக்கதையை ஆக்கியவர்கள் ஓர் உண்மையை நன்கறிந்திருந்தார்கள். சொல் ஏட்டில் வாழும். பண் மனிதரில் வாழும். ஏட்டைக் கறையான் அரித்தாலும் எஞ்சியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். கடைசியாகப் பாடியவர் இறந்துவிட்டால் பண்ணைப் பொறுக்க இடமில்லை.

ஆங்கில உலகில் அந்த 'யாழ்ப்பாணர் மரபுப் பெண்ணை'த் தேடும் பணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வேகம் பெற்றது. 1903இல் சமர்செற் பகுதியின் கிராமமொன்றில் ஜோன் இங்கிலண்ட் என்னும் தோட்டக்காரர் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்ட இசையாசிரியர் செசில் ஷார்ப், அன்று தொடங்கி வாழ்நாள் முழுவதும் மெட்டு சேகரித்தார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916 முதல் 1918 வரையான காலத்தில், ஆஸ்த்மா நோயினால் வருந்திய நிலையிலும், உதவியாளர் மோட் கார்ப்பலெஸுடன் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக் கிராமங்களில் நாற்பத்தாறு வாரங்கள் அலைந்தார். இங்கிலாந்தில் முதியோர் மட்டுமே முணுமுணுத்த பாடல்களை அங்கே சிறுவர்களும் பாடினர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் தாய்நாடு மறந்ததை மலையிடுக்குகளில் வைத்துக் காத்திருந்தார்கள். புலம்பெயர்ந்து வாழும் தமிழ் வாசகர்கள் இச்செய்தியை இருமுறை படிக்கலாம்.

பேர்க்லியிலும் அம்மரபுக்கு ஒரு முன்னோடி இருந்தார். அங்கே 1918 முதல் 1924 வரை ஆங்கிலம் கற்பித்த ரொபர்ட் கோர்டன், மெழுகு உருளையிற் பதியும் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஓக்லண்ட், சான் பிரான்சிஸ்கோத் துறைமுகங்களுக்குச் சென்று மாலுமிகளின் பாடல்களைப் பதிவுசெய்தார். 1928இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டார் பாடல் ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டபோது அதன் முதற் தலைவரானவரும் அவரே.

ஆக, பிரொன்சன் களமிறங்கியபோது மெட்டுகள் இல்லாமலில்லை. அவை சிதறிக் கிடந்தன. ஷார்ப்பின் குறிப்பேடுகளில், நூலகக் கையெழுத்துப் பிரதிகளில், உள்ளூர்ச் சங்கங்களின் சஞ்சிகைகளில், ஒலித்தட்டுகளில், மெழுகு உருளைகளில் என எங்கெங்கோ இருந்தன. சைல்டின் ஒவ்வொரு பாடலுக்கும் உரிய மெட்டுகள் அனைத்தையும் அவற்றுக்குரிய சொற்களோடு ஓரிடத்திற் கொண்டுவருவதென அவர் உறுதிபூண்டார்.

ஆயிரக்கணக்கான மெட்டுகள் சேர்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. சொற்களை அகரவரிசைப்படுத்தலாம். மெட்டுகளை எவ்வாறு வரிசைப்படுத்துவது? எது எதன் உறவு என எவ்வாறு காண்பது? இங்கேதான் அந்த ஆங்கிலப் பேராசிரியர் யாரும் எதிர்பாராத காரியம் செய்தார். அக்காலத்திற் கணக்குப் பிரிவுகளிலும் குடிசன மதிப்பீட்டிலும் பயன்பட்ட ஐ.பி.எம். துளையட்டை இயந்திரங்களை நாடினார். ஒவ்வொரு மெட்டுக்கும் ஓர் அட்டை. மெட்டின் சுரக்கோவை எது, எவ்வளவு உயர்ந்து தாழ்கிறது, தாளம் என்ன, ஒவ்வோர் அடியும் எந்தச் சுரத்தில் வந்து நிற்கிறது, எத்தனை அடிகள் என்பனவெல்லாம் அட்டையிலே துளைகளாயின. இயந்திரம் ஒத்த அட்டைகளைப் பிரித்துத் தள்ளியது. இம்முறையை விளக்கி 1949இல் அவர் கட்டுரை எழுதினார். இன்று கணினியும் இசையாய்வும் இணைந்து நடப்பதில் எவரும் வியப்பதில்லை. கணினி என்ற சொல்லே மக்களிடம் புழங்காத நாட்களில் அதைச் செய்தவர் ஜோன்சனையும் சோசரையும் கற்பித்த ஒரு மனிதர் என்பதே வியப்பு.

அந்த ஆய்வின் நடுவே அவர் கண்ட சுரக்கோவைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. மேற்கத்திய செவ்வியல் இசை இரண்டு சுரக்கோவைகளுக்குள் ஒடுங்கிவிட்ட காலத்திலும், நாட்டார் பாடகர்கள் பழைய சுரக்கோவைகளைக் கைவிடவில்லை. அவர்கள் 'அயோனியன்' என்பது நமது சங்கராபரணத்தின் சுரங்கள். 'டோரியன்' கரகரப்பிரியாவின் சுரங்கள். 'மிக்ஸொலிடியன்' அரிகாம்போதியின் சுரங்கள். 'எயோலியன்' நடபைரவியின் சுரங்கள். ஐந்து சுரங்களாலான மெட்டுகள் பலவற்றில் மோகனத்தின் சாயல் தெரியும். சுரங்கள் ஒன்றாயினும் இராகம் ஒன்றாகிவிடாது. கமகமும் பிடிகளும் வேறு. ஆனால் மனிதக் குரல் இயல்பாக நாடும் பாதைகள் தேசந்தோறும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இது நல்ல சான்று. இச்சுரக்கோவைகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு பிறக்கின்றன, எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பதைப் பிரொன்சன் 1946இல் ஆராய்ந்து எழுதினார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் இன்னொரு பேராசிரியர் இதே போன்ற கேள்வியோடு இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான சுவாமி விபுலாநந்தர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானவர். ஆங்கில இலக்கியத்தில் திளைத்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை 'மதங்க சூளாமணி'யில் தமிழருக்கு அறிமுகம் செய்தவர். விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகாரத்திற் சொல் மட்டும் எஞ்சி இசை மறைந்துபோன இடங்களை எடுத்துக்கொண்டு, பாலைகளின் பிறப்பையும் யாழ் நரம்புகளின் அளவையும் கணிதத்தால் மீட்க முயன்றார். 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆந் திகதி அடிகளார் மறைந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்களென்று சொல்வதற்கில்லை. ஆயினும் இருவரையும் வாட்டிய கவலை ஒன்றே: சொல்லைக் காத்துவிட்டு இசையைத் தொலைத்த இலக்கியத்துக்கு அதன் குரலைத் திருப்பிக் கொடுப்பது எவ்வாறு?

ஒரு வேறுபாடும் உண்டு. அடிகளாருக்குக் கேட்டறியச் சிலப்பதிகாரக் காலத்துப் பாடகர் எவரும் இல்லை. பிரொன்சனுக்குப் பாடகர்கள் இருந்தார்கள், அல்லது அவர்கள் பாடியதை எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள். காலந்தாழ்த்தியேனும் ஒரு சமூகம் விழித்துக்கொண்டதால் விளைந்த வாய்ப்பு அது.

பிரொன்சனின் பெருநூலின் முதற் தொகுதி 1959இற் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. இரண்டாவது 1962இல், மூன்றாவது 1966இல், நான்காவது 1972இல் வந்தன. இறுதித் தொகுதி வெளிவந்தபோது அவருக்கு எழுபது வயது. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் பேரப்பிள்ளைகளோடு பொழுதுபோக்கும் வயது. அவரோ அத்துடனும் அமையவில்லை. நான்கு தொகுதிகளையும் வாங்க இயலாதவர்களுக்காக 1976இல் ஒரே நூலாகச் சுருக்கித் தந்தார். இடையே 1960இல் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுகளிலிருந்து தெரிந்தெடுத்த கதைப்பாடல்களை இசைத்தட்டுகளாகத் தொகுத்தளித்தார். 1969இல் தமது கட்டுரைகளைத் திரட்டி ஒரு நூலாக்கியபோது, கதைப்பாடல் ஒரு பாட்டே என்பதைத் தலைப்பிலேயே வைத்தார்.

அந்நான்கு தொகுதிகளைப் புரட்டுபவர் முதலிற் காண்பது செல்வத்தின் அளவை. 'பார்பரா அலன்' என்னும் எண்பத்து நான்காம் இலக்கப் பாடலை எடுத்துக்கொள்வோம். காதல் ஏக்கத்தால் மரணப்படுக்கையிற் கிடக்கும் இளைஞனைக் காண அவள் மெல்ல நடந்து வருகிறாள், இரக்கமின்றிப் பேசித் திரும்புகிறாள், சாவுமணி கேட்டு உள்ளமுடைந்து தானும் மாள்கிறாள். நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் 1666 ஜனவரி 2ஆந் திகதி நடிகையொருத்தி பாட இதனைக் கேட்டு மகிழ்ந்ததைப் பதிந்திருக்கிறார். பிரொன்சன் இந்த ஒரு பாடலுக்கு மட்டும் தந்திருப்பவை 198 வடிவங்கள். ஒவ்வொன்றையும் பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எழுதியவர் யார் என்ற விவரங்கள் அறியக் கிடைத்த அளவுக்குத் தரப்பட்டுள்ளன. பேரறிஞர்களின் பெயர்களுக்கு நிகராக, உலகம் அறியாத குடியானவப் பெண்களின் பெயர்கள் அந்நூலில் நிற்கின்றன. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒரு பெயரை அச்சிற் பதிப்பதன் பெறுமதி தெரியும். யாரிடமிருந்து பெற்றோமோ அவருக்கு உரியதை அவர் பெயரிலேயே கொடுப்பது பிரொன்சனின் அறம்.

இவ்வுழைப்பின் பயன் நூலகங்களோடு நின்றுவிடவில்லை. 1960களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இளைஞர்கள் கித்தாரோடு நாட்டார் பாடல்களை நோக்கித் திரும்பினர். ஜோன் பயெஸ் தமது ஆரம்பகால இசைத்தட்டுகளிற் சைல்டின் கதைப்பாடல்கள் பலவற்றைப் பாடினார். பொப் டிலனின் புகழ்பெற்ற பாடலொன்று சைல்டின் பன்னிரண்டாம் இலக்கப் பாடலின் கேள்வி-பதில் அமைப்பிற் பிறந்தது. பழைய பாடலொன்றைப் பாட விரும்பும் ஆங்கிலப் பாடகர் இன்று சைல்டிடம் சொல்லையும் பிரொன்சனிடம் மெட்டையும் தேடுகிறார். மார்கரட் லெய்ட்லோ அஞ்சியது முற்றாக நடந்துவிடவில்லை. அச்சே பாட்டைக் கெடுத்தது. அச்சே ஓரளவு அதனைத் திருப்பியும் தந்தது. எனினும் சைல்டின் பாடல்களிற் கணிசமானவற்றுக்கு எங்குமே மெட்டுக் கிடைக்கவில்லை. தேடியவர் திறமை குறைந்தவர் அல்லர். தேடத் தொடங்கிய காலம் பிந்திவிட்டது.

இனி நம் பக்கம் திரும்புவோம். நம்மிடையே தொகுத்தவர்கள் இல்லாமலில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஊரூராகச் சென்று கூத்துகளைக் கண்டு, ஏடுகளைப் பெற்றுப் பதிப்பித்தார். 1962இற் 'கர்ணன் போர்', அதன்பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' எனப் பேராதனை மாணவர்களைக் கொண்டு கூத்தை மேடையேற்றி, படித்தவர்கள் கேலிசெய்த கலைக்குப் பெருமை தேடித் தந்தார். மலையக மக்களின் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை திரட்டினார். ஆயினும் நாட்டார் பாடல்களென நாம் அச்சிட்டவற்றுட் பெரும்பாலானவை சொற்றொகுப்புகளே. தாலாட்டும் ஒப்பாரியும் வசந்தன் பாடலும் கண்ணகி குளிர்த்தியும் காமன் கூத்துப் பாட்டும் கவிதை போல் அடுக்கப்பட்டு நிற்கின்றன. அவற்றை எவ்வாறு பாடுவதென்று அத்தாள்கள் சொல்வதில்லை. அந்த ஊரில் அந்தக் காலத்திற் கேட்டவருக்கு மட்டுமே அவை பேசும்.

1981 ஜூன் முதலாந் திகதி விடியும் வேளையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்துகொண்டிருந்தது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அந்த இழப்பை நாம் மறவாமல் எழுதிவருகிறோம், எழுதவும் வேண்டும். ஆனால் அட்டவணை இல்லாத இன்னொரு நூலகமும் அக்காலந்தொட்டு எரிந்து வந்திருக்கிறது. இடம்பெயர்வுகளிலும் முகாம்களிலும், 2004 டிசம்பர் 26ஆந் திகதி கிழக்குக் கரையை விழுங்கிய கடலிலும், 2009இல் வன்னியிலும் மறைந்துபோன முதியவர்கள் எத்தனை மெட்டுகளைத் தம்மோடு கொண்டு சென்றார்களென்பதை எவர் கணக்கிட முடியும்? அந்நூல்களிற் பலவற்றுக்கு வேறெங்கோ பிரதிகள் இருந்தன. இவற்றுக்குப் பிரதியே இல்லை.

பிரொன்சனுக்குத் துளையட்டை இயந்திரம் தேவைப்பட்டது. கோர்டன் மெழுகு உருளைகளைச் சுமந்து திரிந்தார். நமக்கு அத்துன்பம் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியாக இருக்கிறது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிஸிலோ மகன் வீட்டில் தங்கியிருக்கும் தாயார், ஆரையம்பதியிலோ முல்லைத்தீவிலோ மஸ்கெலியாவிலோ தாம் சிறுவயதிற் கேட்ட தாலாட்டைப் பேரப்பிள்ளைக்குப் பாடும்போது அதைப் பதிவுசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒலியை மட்டும் பதிந்து வைத்தாலும் போதாது. பாடியவர் பெயர், பிறந்த ஊர், அவர் யாரிடம் கேட்டார், எந்த வேளையில் அது பாடப்படும், பதிந்த நாள் எது என்ற விவரங்கள் உடன் சேர வேண்டும். இவையின்றிக் கிடக்கும் பதிவு, முகவரியில்லாத கடிதம் போன்றது. வாயில் வந்த சொற்களைத் திருத்தவும் கூடாது. பேர்சி செய்ததை நாம் செய்ய வேண்டியதில்லை.

நம் பல்கலைக்கழகங்களின் இசைத் துறைகளும் தமிழ்த் துறைகளும் இதற்கு ஒன்றுசேர வேண்டும். சொல்லைத் தமிழ்த் துறையும் இசையை இசைத் துறையும் பங்குபோட்டுக்கொண்டால் பாட்டு நடுவிலே விழுந்துவிடும். அந்த இடைவெளியிலேதான் பிரொன்சன் தமது வாழ்நாளைக் கழித்தார். அவர் இசைத்துறைப் பேராசிரியரல்லர். இது என் துறையன்று என ஒதுங்கியிருந்தால் அவரை எவரும் குறைகூறியிருக்கப் போவதில்லை. தாம் கற்பித்த இலக்கியத்தில் ஒரு பகுதி பாடப்பட வேண்டியது என உணர்ந்தபின் அவரால் ஒதுங்கியிருக்க முடியவில்லை. ஓய்வூதியம் பெறும் வயதிலும் அதை நிறைவுசெய்தார்.